வழக்கமான தீர்மானங்கள்

(கிராம ஐக்கிய நாணய சங்கமொன்றின் வருஷாந்தர மகாசபைக் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்றைய மகாசபையில் நாலு வார்த்தை பேசவேண்டும் என்று தங்கள் காரியதரிசி அவர்கள் அன்புடன் கேட்டுக்கொண்டார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி இந்த இலாகாவில் அமர்ந்தது முதல், சங்கம் சங்கமாகச் சென்று பேரேட்டையும் நடவடிக்கைப் புத்தகத்தையும் புரட்டுவதே என் தொழில். ஆகையால் தங்கள் முன் பிரசங்க மாரி பொழிய என்னால் ஆகாது. கணக்கைப் பற்றியே பேசுவேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

உள்ளே வரும்போது வாயிற்கதவின் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்த நிகழ்ச்சி நிரலைப் படித்துப் பார்த்தேன். மொத்தம் ஒன்பது விஷயங்கள். சென்ற கூட்ட நடவடிக்கையை ஊர்ஜிதம் செய்வது முதலாவது. தணிக்கை அறிக்கையைப் படித்து வைப்பது இரண்டாவது. இவ்வாறு போய், ஒன்பதாவதாக ஒரே வரி எழுதப்பட்டிருக்கிறது: உபரிப் பணத்தை அதிக வட்டி கிடைக்குமிடத்தில் வைப்பதற்குப் பஞ்சாயத்தாருக்கு அதிகாரம் அளித்தல். எழுதியவர் நல்ல எண்ணத்துடனேயே எழுதியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரியைப் படித்தவுடன் அமெரிக்கா தேசத்தில் ஒரு ஜில்லாவுக்கு நேர்ந்த துர்க்கதி என் நினைவுக்கு வந்தது. அந்த வரலாற்றைச் சொல்லவே இன்று எழுந்தேன்.

கவுண்டி என்பது யாது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ள ராஜ்யங்கள் கவுண்டி என்னும் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கின்றன. நம் ஜில்லாவை ஏறக்குறைய அதற்கு ஒப்பிடலாம். ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. நம் ஜில்லாவுக்குக் கலெக்டரைச் சர்க்கார் நியமிக்கிறது. அங்கேயோ கவுண்டியின் ஆட்சியை ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஒரு சபை நடத்துகிறது. இத்தகைய கவுண்டி ஆட்சிகள் தேசம் முழுவதிலும் மூவாயிரத்துக்கு மேல் உள்ளன.

மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா ராஜ்யத்தில் 58 கவுண்டிகள் உள்ளன. சான் பிரான்சிஸ்கோ நீங்கலாக மற்றக் கவுண்டிகளின் சபைகளில் ஐவரே அங்கத்தினர்கள். அவர்களுக்குச் சூப்பர்வைசர்கள் என்று பெயர். அவர்கள் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் 2020-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி ஒரு கோடி ஜனங்கள் வசித்தார்கள். அதற்கும் ஐந்து பேர்தான். இது போதாதென்று கண்டு, எண்ணிக்கையை ஒன்பதாக உயர்த்த 2024-ம் வருஷம் நவம்பரில் அக்கவுண்டி ஜனங்கள் வாக்களித்தார்கள்.

இந்த ஐவர் கையில் இருக்கும் காரியங்கள் அநேகம். ஏழைகளுக்கு உதவித்தொகை, பொதுஜன சுகாதாரம், சிறைச்சாலை, தேர்தல் நடத்துதல், நகர எல்லைக்கு வெளியேயுள்ள சாலைகள், கட்டிட அனுமதி ஆகிய யாவும் அவர்களைச் சேர்ந்தவை. செலவுக்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதி ராஜ்ய சர்க்காரிடமிருந்தும் மத்திய சர்க்காரிடமிருந்தும் வருகிறது. இன்னின்ன காரியத்துக்குத்தான் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையுடனேயே அது வருகிறது. தம் இஷ்டப்படி பங்கிட்டுச் செலவிடக்கூடிய பணம் சபையின் கையில் சொற்பமே. ஆகையால், எங்கிருந்தாவது நிபந்தனையில்லாத நாலு காசு வந்தால் சபையாருக்கு அது தேவாமிர்தம் போலத் தோன்றும். இதைத் தாங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

பல கவுண்டிகளில் செவ்வாய்க்கிழமைதான் கூட்ட நாள். கலிபோர்னியாவில் 1953-ம் வருஷத்தில் ரால்ஃப் பிரௌன் என்னும் சட்டசபை அங்கத்தினரின் முயற்சியால் ஒரு சட்டம் ஏற்பட்டது. ஸ்தல ஸ்தாபனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு காரியம் பார்க்கலாகாது என்பதே அதன் சாரம். அந்தச் சட்டம் இப்போது உள்ளபடி, சாதாரணக் கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாகவே நிகழ்ச்சி நிரலை யாவரும் பார்க்குமிடத்தில் ஒட்ட வேண்டும். நிரலில் இல்லாத விஷயத்தின் மேல், சட்டம் விலக்களித்த அவசர காரியங்கள் தவிர, தீர்மானம் செய்யலாகாது. அங்கத்தினர் அல்லாத சாமானிய ஜனமும் எழுந்து, சில நிமிஷ நேரம், தன் மனத்தில் உள்ளதைச் சொல்லலாம்.

வருஷத்துக்கு ஒருமுறை வரவு செலவுத் திட்டம் வரும். அவர்களுடைய கணக்கு வருஷம் ஜூலை 1-ந் தேதி ஆரம்பிக்கிறது. திட்டத்தைப் பகிரங்கமாக வைத்து, ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்ட பிறகே அது நிறைவேறும். வருஷ மத்தியில் எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிய பணத்தைத் தொட வேண்டுமானால், ஐவரில் நால்வராவது சம்மதிக்க வேண்டும். மூவர் போதாது. எவ்வளவு முன்யோசனை பாருங்கள்!

ஆனால் வருஷம் முழுவதும் நடப்பது வரவு செலவுத் திட்டமன்று, சில்லறைக் காரியங்கள். ஒரு சாலைக்குத் தார் போடும் ஒப்பந்தம், அம்மை குத்துவதற்கு வந்த மானியத்தை ஏற்றல், நூல் நிலையக் கட்டிடத்தின் குத்தகையைப் புதுப்பித்தல், போலீஸ் வண்டிகள் வாங்குதல், ஏதோ ஒரு ஆலோசனைக் கமிட்டிக்கு ஆள் நியமித்தல் என்று ஒரே கூட்டத்தில் பல விஷயங்கள் வரும். ஒவ்வொன்றையும் படித்து, விவாதித்து, வாக்கெடுத்தால் பொழுது விடிந்துவிடும். அதற்காக அவர்கள் ஒரு உபாயம் செய்திருக்கிறார்கள். வழக்கமான காரியங்களை எல்லாம் ஒரே பட்டியலாகச் சேர்த்து விடுகிறார்கள். அதற்குச் சம்மதப் பட்டியல் என்று பெயர் சொல்லலாம். தலைவர், பட்டியல் முழுவதற்கும் சம்மதமா என்று கேட்பார். சம்மதம் என்பார்கள். ஒரே வாக்கில் அத்தனையும் நிறைவேறிவிடும்.

இது குற்றமன்று. நானும் குற்றம் சொல்லவில்லை. சங்கத்துக்கு நூறு ரூபாய்க்குப் பேரேடு வாங்குவதைப் பற்றி மகாசபை ஒரு மணி நேரம் பேசினால் உழவு நிற்கும். மேலும் அந்தப் பட்டியலில் ஒரு ரட்சை உண்டு. எந்த ஒரு அங்கத்தினரும், இந்த எண்ணைத் தனியே எடுங்கள், இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டால், அது பட்டியலிலிருந்து வெளியே வந்து தனி விவாதத்துக்கு உரியதாகும். எனவே சம்மதப் பட்டியல் என்பது பூட்டு இல்லாத பெட்டி. கை நீட்ட வேண்டியதுதான் பாக்கி. கை நீட்டுவார் இல்லாதபோது என்ன நேருகிறது என்பதே இனி நான் சொல்லப்போவது.

ஆரஞ்சுக் கவுண்டி

லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே ஆரஞ்சுக் கவுண்டி என்று ஒன்று இருக்கிறது. 1889-ம் வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியிலிருந்து பிரிந்து ஏற்பட்டது. பெயருக்கேற்ப ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைந்த பூமி. 1893-ம் வருஷத்தில் தென் கலிபோர்னியாவின் தோட்டக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய விற்பனைக் கூட்டுறவு ஸ்தாபனமே பிற்காலத்தில் சன்கிஸ்ட் என்னும் பெயரால் உலகப் பிரசித்தி பெற்றது. ஆகவே அது நமக்கு முற்றிலும் அந்நியமான இடமன்று. காலப்போக்கில் தோட்டங்கள் மறைந்து வீடுகள் எழுந்தன. 1990-ம் வருஷத்து ஜனக்கணக்கில் 24 லட்சம் ஜனங்கள். மிகுந்த செல்வமுள்ள கவுண்டி.

அந்தக் கவுண்டியின் பொக்கிஷதாராக இருந்தவர் ராபர்ட் சிட்ரான் என்பவர். அவரும் ஜனங்களால் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே. 1970-ம் வருஷத் தேர்தல் தொடங்கி, அவரை வெல்ல ஒருவரும் இல்லை. கவுண்டிப் பணத்தோடு, அதன் எல்லைக்குள்ளிருந்த பள்ளிக்கூட ஸ்தாபனங்கள், நகரசபைகள், தண்ணீர் ஸ்தாபனங்கள் ஆகியவற்றின் பணத்தையும் ஒரே கூட்டு நிதியாக வைத்து அவர் நிர்வகித்தார். பள்ளிக்கூடங்கள் சட்டப்படி அங்கே வைத்தே தீர வேண்டும். மற்றவை வட்டியை நாடித் தாமாகவே வந்தன. ஏறக்குறைய 190 ஸ்தாபனங்களின் பணம் அதில் இருந்தது. நம் கிராம சங்கங்கள் தங்கள் உபரியை மத்திய பாங்கியில் வைப்பதை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும்.

1978-ம் வருஷத்தில் கலிபோர்னியா ஜனங்கள் வீட்டு வரி, நில வரிகளுக்கு ஒரு வரம்பு கட்டினார்கள். மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பொது வரி கூடாது என்பது அது. அதனால் கவுண்டிகளுக்குக் கையில் ஓடும் பணம் சுருங்கியது. அச்சமயத்தில் ஆரஞ்சுக் கவுண்டியின் பொக்கிஷதார் மட்டும், ராஜ்ய சர்க்காரின் பொது நிதியில் கிடைத்ததைவிட மிக அதிகமான வட்டியைச் சம்பாதித்துக் கொடுத்தார். சபையாருக்குப் பரம சந்தோஷம். வரியை ஏற்றாமல் செலவு நடக்கிறது. வரவு செலவுத் திட்டத்தில் அந்த வட்டியை நம்பியே செலவுகள் எழுதப்பட்டன. அது எப்படி வருகிறது என்று ஒருவரும் அழுத்திக் கேட்கவில்லை. பால் கறக்கிற மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பவர் யார்?

நகையின் மேல் நகை

அது எப்படி வந்தது என்பதை நம் ஊர் வழக்கில் சொல்லுகிறேன். ஒருவன் கையிலுள்ள பணத்துக்கு ஒரு நகை வாங்குகிறான். அதை அடகு வைத்து, வந்த பணத்தில் இன்னொரு நகை வாங்குகிறான். அதையும் அடகு வைத்து மூன்றாவது வாங்குகிறான். கையிலிருந்தது ஒரு நகையின் விலை. பெயரில் இருப்பது மூன்று நகை. தங்கம் விலை ஏறினால் மூன்று பங்கு லாபம். இறங்கினால் மூன்று பங்கு நஷ்டம். அதுமட்டுமா? விலை இறங்கிய அன்றே அடகுக்காரன் வந்து, ஈடு போதவில்லை, மேற்கொண்டு பணம் வை என்பான்.

சிட்ரான் நகைக்குப் பதிலாகக் கடன் பத்திரங்களை வைத்து இதைச் செய்தார். ஸ்தாபனங்கள் அவரிடம் ஒப்புவித்த பணம் சுமார் 750 கோடி டாலர். பத்திரங்களை ஈடு வைத்துக் குறுகிய காலக் கடன் வாங்கி, மேலும் பத்திரங்கள் வாங்கி, நிதியின் அளவை 2,000 கோடி டாலருக்கு உயர்த்தினார். நீண்ட காலப் பத்திரத்தில் வரும் வட்டி அதிகம், குறுகிய காலக் கடனுக்குக் கொடுக்கும் வட்டி குறைவு. இந்த வித்தியாசமே அவருடைய லாபம். சந்தையில் வட்டி ஏறினால் தம் வட்டி குறையும்படி அமைந்த விசித்திரப் பத்திரங்களையும் ஏராளமாக வாங்கியிருந்தார். ஆக, வட்டி விகிதம் ஏறாது என்ற ஒரே நம்பிக்கையின் மேல் அவ்வளவு பெரிய மாளிகையும் நின்றது.

1994-ம் வருஷம் பிப்ரவரியில் அமெரிக்க மத்திய ரிசர்வ் பாங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. நவம்பருக்குள் ஆறு தடவை ஏற்றியது. வருஷ ஆரம்பத்தில் நூற்றுக்கு 3 ஆக இருந்தது 5½ ஆயிற்று. கடனுக்குக் கொடுக்கும் வட்டி உயர்ந்தது. கையிலுள்ள பழைய பத்திரங்களின் விலை சரிந்தது. நூற்றுக்கு ஏழு தரும் புதுப் பத்திரம் கடையில் கிடைக்கும்போது, ஐந்து தரும் பழைய பத்திரத்தை முழு விலைக்கு யார் வாங்குவார்? கடன் கொடுத்தவர்கள் மேலும் ஈடு கேட்டார்கள்.

எச்சரித்தவர் ஒருவரும் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார். ஜான் மூர்லாக் என்னும் கணக்காளர் 1994-ம் வருஷம் ஜூன் மாதத் தேர்தலில் சிட்ரானை எதிர்த்து நின்று, இந்த முறையால் பெரும் நஷ்டம் வரும் என்று ஊரறியச் சொன்னார். தேர்தல் காலத்து வசை என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். சிட்ரானே மீண்டும் ஜெயித்தார். பத்திரங்களுக்குத் தரம் மதிப்பிடும் பெரிய கம்பெனிகளும் அந்தக் கோடைகாலத்தில் கவுண்டியின் கடன் பத்திரங்களுக்கு உயர்ந்த தரமே கொடுத்திருந்தன.

டிசம்பர் 1-ந் தேதி நஷ்டம் சுமார் 150 கோடி டாலர் என்று வெளியாயிற்று. சில நாளில் பொக்கிஷதார் ராஜினாமாச் செய்தார். டிசம்பர் 6-ந் தேதி கவுண்டி தன்னால் கடன் கொடுக்க இயலவில்லை என்று கோர்ட்டில் மனுச் செய்துகொண்டது. செல்வம் கொழித்த ஒரு கவுண்டி ஐ.பி. கொடுத்தது! எல்லாவற்றையும் விற்று முடித்தபோது நஷ்டம் 164 கோடி டாலர். ஸ்தாபனங்கள் ஒப்புவித்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று.

அந்தக் கனவான் ஒரு காசுகூடத் தம் சொந்தத்துக்கு எடுத்துக்கொண்டவர் அல்லர். ஆயினும் வட்டிப் பணத்தை உரியவர்கள் கணக்கில் வைக்காமல் மாற்றி எழுதியது முதலிய குற்றங்களை 1995-ம் வருஷத்தில் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். வட்டி எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள ஜோசியரிடமும் குறி சொல்பவரிடமும் யோசனை கேட்டதாக விசாரணையில் வெளிவந்தது. சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் நல்ல மனிதர், கை சுத்தமானவர் என்ற ஒரே காரணத்துக்காக நாமும் எத்தனை பேரைக் கணக்குக் கேளாமல் விட்டிருக்கிறோம்!

தூங்கிய தீர்மானம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சபையார் ஐவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பொக்கிஷதார் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்; அவரை வேலையிலிருந்து நீக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை; எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது அவர்கள் தரப்பு. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் கவுண்டியின் பெயரால் கடன் வாங்கும் பத்திரங்களுக்குச் சபையின் சம்மதம் வேண்டும். 1994-ம் வருஷக் கோடையில் கவுண்டி 60 கோடி டாலர் கடன் வாங்கியது. எதற்கு? பாலம் கட்டவா, ஆஸ்பத்திரி கட்டவா? அல்ல. அந்தப் பணத்தையும் அதே கூட்டு நிதியில் போட்டு, வாங்கிய வட்டிக்கும் வந்த வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை லாபமாக எடுக்க!

பத்திர வியாபாரத்தைக் கண்காணிக்கும் மத்திய சர்க்கார் கமிஷன் பின்னர் இதை விசாரித்து, 1996-ம் வருஷம் ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. சபையார் மேல் அது தண்டனை விதிக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டியது. கடன் பத்திரத் தீர்மானங்கள் வழக்கமான காரியங்களுக்கென்று ஏற்பட்ட சம்மதப் பட்டியலில் வைக்கப்பட்டு, விவாதமின்றி நிறைவேறின. கவுண்டியின் செலவு அந்த வட்டியை நம்பி நடக்கிறது என்பது சபையாருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் கேள்வி கேட்டிருக்க வேண்டும். உத்தியோகஸ்தர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடலாகாது என்று கமிஷன் கண்டித்தது.

அன்பர்களே, கதவு திறந்திருந்தது. நிகழ்ச்சி நிரல் ஒட்டப்பட்டிருந்தது. ஜனங்களுக்குப் பேச உரிமை இருந்தது. சட்டம் எல்லாவற்றையும் செய்திருந்தது. இந்த எண்ணைத் தனியே எடுங்கள் என்று சொல்லும் ஒரு குரலைச் சட்டத்தால் உண்டாக்க முடியவில்லை.

பலனை அனுபவித்தவர்கள் யார்? 1995-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி, விற்பனை வரியை டாலருக்கு அரை செண்டு உயர்த்திக் கடனைத் தீர்க்கலாமா என்று ஜனங்களைக் கேட்டார்கள். முடியாது என்று ஜனங்கள் வாக்களித்தார்கள். ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள். ஏழைகளுக்கான உதவிகள் குறைந்தன. பணம் வைத்திருந்த ஸ்தாபனங்களுக்கு முதலில் டாலருக்கு முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் ரொக்கமாகக் கைக்கு வந்தது. வட்டிக்கு ஆசைப்பட்டுக் கடன் வாங்கிக் கூட்டு நிதியில் போட்ட பள்ளி ஸ்தாபனங்களும் சில இருந்தன. அவர்கள் பாடு சொல்லத் தரமன்று. போக்குவரத்துக்கும் வெள்ளத் தடுப்புக்கும் உரிய வருமானத்தில் ஒரு பகுதியைக் கடனுக்குத் திருப்பி, 1996-ம் வருஷம் ஜூனில் 88 கோடி டாலருக்குப் புதுக் கடன் வாங்கிக் கோர்ட்டிலிருந்து மீண்டார்கள். அந்தக் கஷ்ட காலக் கடன் முற்றிலும் தீர்ந்தது 2017-ம் வருஷத்தில். 1994-ல் பிறந்த குழந்தைக்கு அப்போது இருபத்துமூன்று வயது. விவாதமின்றி நிறைவேறிய தீர்மானங்களுக்கு ஒரு தலைமுறை வட்டி கட்டியது.

அவர்கள் புத்தி பெற்றதையும் சொல்லிவிட வேண்டும். 1995-ம் வருஷத்திலேயே கலிபோர்னியா ராஜ்யம் சட்டத்தைத் திருத்தியது. பொதுப் பணத்தை வைப்பவர் முதலில் அசலின் பத்திரத்தையும், இரண்டாவது வேண்டும்போது கிடைக்குமா என்பதையும், மூன்றாவதாகவே வட்டியையும் கவனிக்க வேண்டும் என்று வரிசை வகுத்தது. பத்திரத்தை ஈடு வைத்துக் கடன் வாங்குவதற்கும் வரம்பு கட்டியது. எச்சரித்த மூர்லாக்கே 1995-ல் பொக்கிஷதாராக நியமிக்கப்பட்டார்.

என் பங்கு

அமெரிக்காக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டுப் பார்த்தேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தைப் பார்வையிட்டேன். ஒரு கூட்டத்தில் பதினான்கு தீர்மானங்கள். கடைசியில், மேற்படி தீர்மானங்கள் யாவும் ஏகமனதாய் நிறைவேறின என்று எழுதியிருந்தது. மத்தியான வெயில், கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். பதினொன்றாவது தீர்மானம், காரியதரிசி கையில் வைத்துக்கொள்ளும் ரொக்கத்தின் வரம்பைப் பல மடங்கு உயர்த்துவது. அந்த வருஷம் நிலக்கடலை விற்ற பணம் வந்தபோது, அது கையிருப்பாகவே இருந்தது. பிறகு கையிலும் இல்லை. பணம் தவணை தவணையாக வசூலாகி முடிய இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் ஒரு விதவை அங்கத்தினர், தம் சொந்தப் பணத்துக்காகச் சங்க வாசலில் வந்து நின்ற நாட்கள் எத்தனையோ. ஐயா, எங்கள் தீர்மானத்தில் தங்கள் கையெழுத்து இருக்கிறதே என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று முதல் ஏகமனதாய் என்ற வார்த்தையைக் கண்டால் மறுபடி மேலேயிருந்து படிக்கிறேன்.

நாம் கைக்கொள்ளத்தக்கவை

சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்கு வந்தபின் பார்க்கும் காகிதமன்று. முன்னாலேயே படித்து, படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி, வீட்டில் பேசிக்கொண்டு வரவேண்டும்.

இரண்டாவது, சில்லறைக் காரியங்களை ஒன்றாய்ச் சேர்த்து நிறைவேற்றுங்கள், தடையில்லை. ஆனால் கடன் வாங்குவது, பணத்தை இடம் மாற்றுவது, ஒருவருக்கு அதிகாரத்தை ஒப்புவிப்பது ஆகிய இந்த மூன்றும் ஒருபோதும் சில்லறை அல்ல. தொகை சிறிதானாலும் அவற்றைத் தனியே எடுத்துப் பேசுங்கள்.

மூன்றாவது, வட்டி அதிகம் என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ஏன் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றில் இல்லாத தண்ணீர் நம் கிணற்றில் மட்டும் பொங்கினால், அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

நான்காவது, நஷ்டம் வந்த வருஷத்தில் எல்லாரும் கணக்குக் கேட்பார்கள். லாபம் வந்த வருஷத்தில் கேட்பவனே சங்கத்தின் உண்மையான நண்பன். அவனைக் குதர்க்கக்காரன் என்று உட்கார வைக்காதீர்கள். காரியதரிசிகளுக்கும் சொல்லுகிறேன்: கேள்வி கேட்பது தங்கள் நாணயத்தின் மேல் சந்தேகமன்று. விவரமாகச் சொல்லி ஒப்புதல் பெற்ற தீர்மானம் நாளைக்குத் தங்களுக்கே கவசமாகும்.

இனித் தங்கள் ஒன்பதாவது விஷயம். அதற்குச் சம்மதியுங்கள் என்றோ, சம்மதியாதீர்கள் என்றோ நான் சொல்லமாட்டேன். சங்கப் பணத்தை எங்கெங்கே வைக்கலாம் என்பதற்குச் சட்டமும் உபவிதிகளும் இருக்கின்றன. அந்த எல்லைக்குள் முடிவு செய்வது மகாசபையின் உரிமை. நான் வேண்டுவதெல்லாம் இதுவே. எட்டு விஷயங்களும் முடிந்து, பொழுது சாய்ந்து, மாடு கட்டப் போகவேண்டுமே என்று தாங்கள் எழுந்திருக்கும் சமயத்தில் அதை வாசிக்க விடாதீர்கள். எந்த இடம், எவ்வளவு பணம், எத்தனை காலம், சாகுபடிக்குக் கடன் கொடுக்க வேண்டிய மாதத்தில் திரும்பக் கையில் கிடைக்குமா என்று நாலு கேள்வி கேட்டு, பதிலை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் செய்து, அதன்பின் கை தூக்குங்கள்.

அக்கிராசனர் அவர்களின் அனுமதியுடன் ஒரு விண்ணப்பம்: ஒன்பதாவது விஷயத்தை இப்போதே, எல்லாரும் விழித்திருக்கும்போதே, முதலில் எடுத்துக்கொள்ளலாமா என்று மகாசபையைக் கேட்கும்படி வேண்டிக்கொண்டு அமர்கிறேன்.